பேச்சு நின்றுபோனால் புத்தி நின்றுபோனதா?
பேச்சு சிகிச்சையாளரின் பணியும் படிப்பும்

"டீச்சர், எங்க தாத்தாவுக்குப் புத்தி மாறிப்போச்சா?"

பாடம் முடிந்து எல்லாரும் வெளியேறிய பிறகு படிவம் 4 மாணவன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவனுடைய தாத்தா கிள்ளானில் பல ஆண்டுகள் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. பேரனைப் பார்த்தால் சிரிக்கிறார், கண் கலங்குகிறார். ஆனால் பேச முயன்றால் "அது… அது…" என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை. பேச்சு சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பாட்டியோ, "அதெல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே, இவருக்கு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

மாணவர்களே, இந்த ஒரு வீட்டில் எழுந்த இரண்டு ஐயங்களும் நம்மில் பலருக்கும் உண்டு. பேச்சு போனால் அறிவும் போய்விட்டது என்று நினைக்கிறோம். பேச்சு சிகிச்சையாளர் என்றால் மழலைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பவர் என்று நினைக்கிறோம். இரண்டும் சரியல்ல. ஏன் என்பதை இந்த வாரம் அறிவியல் வழியாகப் பார்ப்போம்.

மூச்சு எப்படிப் பேச்சாகிறது?

உங்கள் விரல்களைத் தொண்டையின் முன்பக்கம் மெதுவாக வைத்துக்கொண்டு "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லுங்கள். விரலில் எதுவும் தெரியாது. இப்போது "ம்ம்ம்" என்று சொல்லுங்கள். அதிர்வு தெரிகிறதா? அங்கேதான் குரல்வளை இருக்கிறது. அதனுள் இருக்கும் இரண்டு குரல்நாண்கள், நுரையீரலிலிருந்து வரும் காற்றால் அதிர்கின்றன. ஆண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 120 முறையும், பெண்கள் பேசும்போது சுமார் 200 முறையும் அவை அதிர்கின்றன. சிறு பிள்ளைகளுக்கு இது இன்னும் அதிகம். அதனால்தான் அவர்களின் குரல் கீச்சென்று ஒலிக்கிறது.

அதிர்வு மட்டும் பேச்சாகிவிடாது. நாக்கு, உதடு, பல், அண்ணம் ஆகியவை அதற்கு வடிவம் தர வேண்டும். இன்னொரு சோதனை செய்யுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அது "அப்பா"வை நெருங்கிவிடும். 'ம' ஒலிக்குக் காற்று மூக்கு வழியாகப் போக வேண்டும். 'ப' ஒலிக்கு, அண்ணத்தின் பின்பகுதியான மெல்லண்ணம் உயர்ந்து மூக்குவழியை அடைக்க வேண்டும். பிறவியிலேயே அண்ணப் பிளவு உள்ள குழந்தைக்கு இந்தக் கதவு சரியாக மூடாது. காற்று மூக்கு வழியே கசியும். அறுவை சிகிச்சையில் பிளவு மூடப்பட்ட பிறகும், காற்றை வாய்வழியாகச் செலுத்தப் பழக்க வேண்டியிருக்கலாம். அங்கே பேச்சு சிகிச்சையாளரின் பணி தொடங்குகிறது.

ஒருவர் பேசுவதைக் கேட்கும்போதே சிகிச்சையாளர் பல கேள்விகளுக்கு விடை தேடுகிறார். மூச்சு போதவில்லையா? குரல்நாண் வீங்கியிருக்கிறதா? நாக்கு தளர்ந்திருக்கிறதா? காது கேட்காததால் ஒலி தெளிவில்லையா? அல்லது உறுப்புகள் எல்லாம் நன்றாக இருந்தும், மூளையிலிருந்து சொல் வந்து சேரவில்லையா? கோளாறு எங்கே என்று தெரிந்தால்தான் எந்தப் பயிற்சி உதவும் என்று முடிவு செய்ய முடியும்.

மூளையில் சிக்கிய சொல்

தாத்தாவிடம் திரும்புவோம். அவருக்குத் தளர்ந்தது வலது கை. நமது உடலின் வலப்பக்கத்தை மூளையின் இடப்பக்கம் ஆள்கிறது என்று பாடநூலில் படித்திருக்கிறீர்கள். பெரும்பாலோருக்கு மொழியைக் கையாளும் பகுதிகளும் அதே இடப்பக்கத்தில்தான் உள்ளன. அதனால்தான் வலது கை தளர்வதும் பேச்சு தடைப்படுவதும் பல நேரங்களில் சேர்ந்தே வருகின்றன.

இதை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. 1861-ஆம் ஆண்டு பாரிஸ் மருத்துவமனை ஒன்றில் அவர் ஒரு நோயாளியைக் கண்டார. மற்றவர் சொல்வது அந்த நோயாளிக்குப் புரிந்தது. ஆனால் எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வந்தது "டான்" என்ற ஒரே அசைதான். அவர் இறந்த பிறகு புரோக்கா மூளையை ஆராய்ந்தபோது, இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருந்தது. பின்னர் 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதற்கு நேர்மாறான நிலையை விளக்கினார். அந்த நோயாளிகள் தடையின்றிப் பேசுவார்கள், ஆனால் பேச்சில் பொருள் இருக்காது. பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. அவர்களுக்குச் சிதைந்திருந்தது இடப்பக்கத்தில் சற்றுப் பின்னால் உள்ள பகுதி.

மூளைப் பாதிப்பால் மொழி தடைப்படும் இந்நிலைக்கு அபேசியா என்று பெயர். இதில் சொல்தான் சிக்கிக்கொள்கிறது. மனிதரின் அறிவும், நினைவுகளும், உறவுகளின்மீது கொண்ட அன்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. "உங்க தாத்தாவுக்குப் புத்தி மாறல. அவருக்கு எல்லாம் தெரியும், வார்த்தைதான் வெளியே வரமாட்டேங்குது" என்று அந்த மாணவனிடம் சொன்னேன்.

பக்கவாதத்துக்குப் பின் வேறொரு நிலையும் வரலாம். சொல் சரியாக வரும், ஆனால் நாக்கும் உதடும் தளர்ந்திருப்பதால் பேச்சு குழறும். முதலாவது மொழியின் தடை. இரண்டாவது தசையின் தளர்ச்சி. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் சிகிச்சை வேறு. அபேசியா உள்ளவரிடம் படம் காட்டிச் சொல்லை மீட்கப் பயிற்சி தருவார்கள். குழறும் பேச்சுக்கு மூச்சை அளந்து, மெதுவாக, ஒவ்வோர் அசையையும் தெளிவாகச் சொல்லப் பழக்குவார்கள். சில நோயாளிகளால் சொந்தமாக ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது, ஆனால் பழகிய பாட்டை வரி தவறாமல் பாடுவார்கள், ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார்கள். இதைப் பயன்படுத்தி, இராகத்தோடு சொற்களைச் சொல்ல வைக்கும் சிகிச்சை முறையை 1970-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உருவாக்கினார்கள்.

விழுங்குவதும் இவர் பொறுப்பே

பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. மருத்துவமனையில் பேச்சு சிகிச்சையாளரின் நேரத்தில் பெரும்பங்கு, நோயாளிகள் பாதுகாப்பாக விழுங்குகிறார்களா என்று பார்ப்பதில் போகிறது. பேசுவதற்கும் விழுங்குவதற்கும் உதடு, நாக்கு, தொண்டை, குரல்வளை ஆகிய அதே உறுப்புகள்தாம் வேலை செய்கின்றன.

நாம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கும்போது, குரல்வளை மேலே உயர்கிறது. குரல்வளை மூடி சாய்கிறது. குரல்நாண்கள் சேர்ந்து மூச்சுக்குழாயை அடைக்கின்றன. அந்த ஒரு நொடி மூச்சும் நின்றுவிடுகிறது. தண்ணீர் உணவுக்குழாய்க்குள் இறங்கியதும் வழி மீண்டும் திறக்கிறது. பக்கவாதத்தால் இந்த ஒழுங்கு குலைந்தால், தண்ணீரோ உணவோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, நுரையீரலில் நிமோனியாவை உண்டாக்கலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாருக்கும் இருமல் வரும் என்றும் சொல்ல முடியாது. சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே உள்ளே இறங்கும். ஐயம் இருந்தால், எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, அதை நகரும் படமாகப் பதிவு செய்து பார்ப்பார்கள்.

ஆகவே இதை மனத்தில் வையுங்கள். வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று முகம் ஒருபக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 999-ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில், மயக்கம் தெளியட்டும் என்று தண்ணீரோ காப்பியோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். விழுங்கும் திறனைச் சோதித்த பிறகே வாய்வழியாக எதையும் தர வேண்டும்.

தண்ணீரைவிடக் கெட்டியான பானம் எப்படிப் பாதுகாப்பாகிறது? தண்ணீர் வேகமாக ஓடும். தளர்ந்த தசைகள் வழியை மூடுவதற்குள் அது முந்திவிடும். பாகுத்தன்மை கூடினால் ஓட்டம் மெதுவாகிறது, தசைகளுக்கு நேரம் கிடைக்கிறது. பானங்களையும் உணவையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் ஐடிடிஎஸ்ஐ என்ற அனைத்துலக அளவுமுறை இன்று பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளது. 0 என்பது தண்ணீர். 7 என்பது நாம் வழக்கமாக உண்ணும் உணவு. பெரியவர்களுக்கான 5-ஆம் நிலையில் உணவுத் துண்டின் அகலம் 4 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நமக்கு எளிதாகத் தோன்றும் ரசம் சாதம் இந்த நோயாளிகளுக்குக் கடினமானது. ரசம் முன்னே ஓடிவிடும்; சோற்றை இன்னும் மென்றுகொண்டிருப்பார்கள். ஒரே வாய்க்குள் இரண்டு வேகம்!

மூன்று மொழிகளில் வளரும் பிள்ளை

பாட்டி நினைத்ததுபோல் சிறுவர்களும் இவரிடம் வருகிறார்கள். பொதுவாக ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், "பால் வேணும்" போன்ற இருசொல் தொடர்களும் வர வேண்டும். வரவில்லை என்றால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று காத்திருக்காமல் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் காட்டுவது நல்லது. முதலில் காது கேட்கும் திறனைச் சோதிப்பார்கள். கேட்காத ஒலியைக் குழந்தை எப்படிச் சொல்லும்?

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு கணக்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸில் வளரும் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டில் பாட்டியிடம் தமிழ், பராமரிப்பு நிலையத்தில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம். அந்தப் பிள்ளைக்குத் தமிழில் 25 சொற்களும், ஆங்கிலத்தில் 18 சொற்களும், மலாயில் 12 சொற்களும் தெரியும் என்போம். மலாயில் மட்டும் சோதித்தால் "12 சொற்கள்தான், பிள்ளை பின்தங்கியிருக்கிறது" என்று தோன்றும். மூன்றையும் கூட்டினால் 55. பிள்ளைக்குக் குறை எதுவும் இல்லை. பல மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. "குழப்பம் வரும், தமிழை விட்டுவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே விட்டுவிடாதீர்கள். பாட்டியும் பேரப்பிள்ளையும் பேசிக்கொள்ளும் மொழி அது. பேச்சு வளர வேண்டிய பிள்ளையிடமிருந்து, அதனிடம் அதிகம் பேசும் ஒருவரைப் பிரிப்பது சிகிச்சை ஆகாது.

ஒலிகளிலும் இதே கவனம் தேவை. 'ழ' என்பது குழந்தைகளுக்குக் காலந்தாழ்ந்து வரும் ஒலி. பெரியவர்களிலேயே பலர் "வாளப்பளம்" என்கிறார்கள். வீடு முழுவதும் அப்படிப் பேசும்போது பிள்ளை மட்டும் அப்படிச் சொன்னால் அது நோயா? இல்லை, வீட்டு வழக்கு. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை 'க' வர வேண்டிய இடத்தில் எல்லாம் 'த' போட்டு, காக்காவைத் "தாத்தா" என்று சொன்னால் அது கவனிக்க வேண்டிய செய்தி. எது வழக்கு, எது கோளாறு என்று பிரித்தறிய, கேட்பவருக்குத் தமிழ் ஒலிகள் தெரிந்திருக்க வேண்டும்.

தாத்தா சொன்ன ஒரு சொல்

பள்ளி விடுமுறையில் அந்த மாணவன் தாத்தாவுடன் சிகிச்சைக்குப் போனான். சிகிச்சையாளர் ஓர் இளம் மலாய்ப் பெண்மணி. குடையின் படத்தைக் காட்டி, மலாயில் "இது என்ன?" என்று கேட்டிருக்கிறார். தாத்தாவுக்கு மலாய் நன்றாக வரும். லாரித் தொழிலில் பேசிப் பழகிய மொழி. ஆனாலும் தலையை ஆட்டிவிட்டார். அதே கேள்வியைத் தமிழில் கேட்கும்படி சிகிச்சையாளர் பேரனிடம் சொன்னார். பேரன் கேட்டான். தாத்தா வெகுநேரம் படத்தையே பார்த்தார். "கு…" என்றார். பேரன் சொல்லை எடுத்துக் கொடுக்க வாயெடுத்தான். சிகிச்சையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். சற்று நேரம் கழித்து "குடை" என்று வந்தது.

சிகிச்சையாளர் இரண்டு மொழிகளின் விடைகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டாராம். பல மொழி பேசுபவருக்கு அபேசியா வந்தால், எல்லா மொழிகளும் ஒரே அளவில் பாதிக்கப்படும் என்றில்லை. ஒரே வேகத்தில் திரும்பும் என்றும் இல்லை. அன்று பேரன் அருகில் இல்லாதிருந்தால், அந்தத் தாளில் "சொல்ல முடியவில்லை" என்று மட்டுமே பதிவாகியிருக்கும்.

மொழி தெரியாத நிலையிலும் முறையாகப் பணி செய்தார் அந்தச் சிகிச்சையாளர். அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் எல்லா நோயாளிகளுடனும் விடுமுறையில் இருக்கும் பேரன் வருவதில்லை. நம் நாட்டில் பேச்சு சிகிச்சையாளர்கள் தேவைக்குக் குறைவு. அவர்களில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் இன்னும் குறைவு. இந்தக் கட்டுரையை உங்களுக்காக எழுத இதுதான் காரணம்.

என்ன படிக்க வேண்டும்?

மலேசியாவில் பேச்சு சிகிச்சையாளராக, அதற்குரிய நான்கு ஆண்டு இளங்கலைப் பட்டம் தேவை. இப்படிப்பை நாட்டில் முதன்முதலில் தொடங்கியது மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் எனும் யுகேஎம், ஆண்டு 1995. அதற்கு முன் இத்துறையில் இருந்தவர்கள் வெளிநாடுகளில் படித்துவிட்டு வந்தவர்கள். யுகேஎம்மின் கோலாலம்பூர் வளாகத்தில் இப்படிப்பு நடைபெறுகிறது. மாணவர்கள் பயிற்சி பெறும் சிகிச்சையகமும் அங்கே உண்டு. கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள யுஎஸ்எம் சுகாதார வளாகத்திலும், குவாந்தானில் உள்ள அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழக வளாகத்திலும் இத்துறை உள்ளது.

படிவம் 4-இல் அறிவியல் பாடங்களை எடுத்து, எஸ்பிஎம்மில் நல்ல தேர்ச்சி பெறுவது முதல் படி. அடுத்து எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது அடித்தளக் கல்வி. பிறகு யூபியூ வழியாக விண்ணப்பம். பாடத் தகுதிகளை ஒவ்வோர் ஆண்டும் யூபியூ வெளியிடும். பிறர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யாமல் அதை நேரடியாகப் பாருங்கள்.

பட்டப்படிப்பில் உடற்கூறு, நரம்பியல், ஒலியியல், மொழியியல், உளவியல், செவித்திறன் ஆகியவை உண்டு. அறிவியலில் ஆர்வம் இருந்தும் மொழியை விட மனமில்லாத மாணவர்களுக்கு இது ஏற்ற துறை. பின்பகுதி ஆண்டுகளில் அனுபவமுள்ளவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளுக்கு நேரடியாகச் சிகிச்சை அளித்துப் பயில வேண்டும்.

பட்டம் மட்டும் போதாது. 2016-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, பேச்சு மொழி சிகிச்சையாளரையும் உள்ளடக்குகிறது. இச்சட்டம் 2020-இல் நடைமுறைக்கு வந்தது. இத்தொழிலைச் செய்பவர் அதற்குரிய மன்றத்தில் பதிவு பெற்று, தொழில் செய்வதற்கான சான்றிதழும் வைத்திருக்க வேண்டும். பெற்றோர்களுக்கும் இது பயன்படும் செய்தி. தனியார் நிலையத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும்போது, பதிவு எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

வேலை எங்கே? கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் உண்டு. தனியார் சிகிச்சை நிலையங்களிலும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான மையங்களிலும் உண்டு. 1996-இல் தொடங்கப்பட்ட நாசாம் என்னும் தேசிய பக்கவாதச் சங்கம், பெட்டாலிங் ஜெயா உள்ளிட்ட இடங்களில் பக்கவாதத்திலிருந்து மீள்பவர்களுக்கு உதவுகிறது.

இந்த வேலைக்கு வேண்டிய மற்றொரு தகுதி சான்றிதழில் வராது. அது காத்திருக்கும் பொறுமை. "கு…" என்பதற்கும் "குடை" என்பதற்கும் இடையே பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். வீட்டில் அபேசியா உள்ளவர் இருந்தால் நீங்களும் இன்றே இதைப் பழகலாம். அவர் முகம் பார்த்துச் சிறு வாக்கியங்களில் பேசுங்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேளுங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். சொல்லைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள். நீங்கள் பேசுவது அவருக்குப் புரியக்கூடும்.

அந்தத் தாத்தா இன்னும் முழுமையாகப் பேசவில்லை. கெட்டியாக்கிய தேநீர் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லையாம். முகத்தைச் சுளித்து, "வேணாம்" என்று தெளிவாகச் சொல்கிறாராம். பேரனுக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி. சென்ற வாரம் அவன் மீண்டும் ஒரு கேள்வியோடு வந்தான். "டீச்சர், இந்த வேலைக்கு பயோலஜி நல்லா செய்யணுமா?"

செய்ய வேண்டும், தம்பி. கூடவே தமிழையும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஊசி இல்லாத 10 மில்லிலிட்டர் சிரிஞ்சு ஒன்று, தண்ணீர், வடிகட்டிய அரிசிக் கஞ்சி, கைக்கடிகாரம்.

சிரிஞ்சின் உந்துதண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்துக்கொண்டு, 10 மில்லிலிட்டர் வரை தண்ணீர் ஊற்றுங்கள். விரலை எடுத்து, சரியாக 10 நொடி கழித்து மீண்டும் அடையுங்கள். எவ்வளவு மீதம் இருக்கிறது? பிறகு கஞ்சியை வைத்து அதையே செய்யுங்கள். ஐடிடிஎஸ்ஐ முறையில் 1 மில்லிலிட்டருக்கும் குறைவாக மீந்தால் நிலை 0. 1 முதல் 4 வரை நிலை 1. 4 முதல் 8 வரை நிலை 2. 8-க்கு மேல் மீந்து, மெதுவாக ஓடினால் நிலை 3. சொட்டுகூட இறங்காவிட்டால் நிலை 4. கஞ்சி ஆறிய பின் மீண்டும் அளந்து பாருங்கள். விடை மாறுகிறதா? ஏன் என்று ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.

இது பாகுத்தன்மையைப் புரிந்துகொள்வதற்கான சோதனை மட்டுமே. நோயாளிக்கு எந்த நிலை பொருந்தும் என்பதைச் சிகிச்சையாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.